கறி முயலோடு செல்லப் பிராணி முயலையும் வளர்த்து விற்க: தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கறிக்கு முயல் வளர்ப்பவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த யோசனை வரும். கூண்டு இருக்கிறது, தீவனம் வருகிறது, குட்டி எடுத்துப் பழகிய கை இருக்கிறது. ஓரமாக நாலு குள்ள முயலையும் போட்டால் செல்லப் பிராணியாக விற்றுவிடலாமே! நானும் அப்படித்தான் இறங்கினேன். இது வேறு தொழில் என்று புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் செத்த குட்டிகள் எத்தனை, மனசு கசந்து போனவர்கள் எத்தனை பேர்! கறி முயலில் நாம் விற்பது எடை. செல்ல முயலில் விற்பது ஒரு குட்டியின் குணம், நம் வாய்ச்சொல்லின் மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கை. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றை வரிசையாகப் படியுங்கள். நடுவில் தாண்டிப் போகாதீர்கள்.

1. முதலில் நாள் கணக்கு, பிறகு காசுக் கணக்கு

8 வாரக் குட்டிகளாக வாங்கினால் அவை இணை சேரும் வயதுக்கு வர இன்னும் 4 மாதம் ஆகும். சினைக்காலம் 31 நாள். பிறந்த குட்டி விற்கும் வயதுக்கு வர 8 வாரம். கூட்டினால் 7 மாதம். இந்த 7 மாதமும் தீவனச் செலவு மட்டும்தான், வரவு கிடையாது. வளர்ந்த முயலாக வாங்கினால் காலம் குறையும். ஆனால் நன்றாக ஈனும் தாய் முயலை யாரும் சும்மா விற்பதில்லை. ஏன் விற்கிறார்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது குட்டி எண்ணிக்கை. நியூசிலாந்து வெள்ளை போன்ற பெரிய இனத் தாய் ஒரு ஈற்றுக்கு 7, 8 குட்டி போடும். குள்ள இனம் 2 முதல் 4 வரைதான். 3 பெண், 1 ஆண் வைத்திருக்கிறீர்கள், வருடத்துக்கு ஒவ்வொன்றும் 4 ஈற்று, ஈற்றுக்கு 3 குட்டி என்றால் தாளில் 36 குட்டி வரும். பிழைக்காதவை, சினை பிடிக்காத மாதங்கள், பல் சரியில்லாதவை எல்லாம் போக 20 குட்டி விற்றால் அதை நல்ல வருடம் என்றே நான் சொல்வேன்.

செலவைக் கணக்கிடும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, இணை சேர்த்த நாளிலிருந்து விற்ற நாள் வரை ஆன தீவனத்தை மட்டும் எண்ணுவது. தாயும் ஆணும் சும்மா இருக்கும் மாதங்களிலும் தின்கின்றன. வருடம் முழுக்க எல்லா முயலும் தின்ற தீவனம், காய்ந்த புல், மருந்து, கூண்டுத் தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டி, விற்ற குட்டிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். வருவதுதான் ஒரு குட்டியின் அடக்க விலை. இதில் கூண்டு என்பது கண்ணுக்குத் தெரியாமல் விழுங்கும் செலவு. 10, 12 வாரம் தாண்டிய ஆண் குட்டிகள் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். விற்காமல் நிற்கும் ஒவ்வொரு ஆணுக்கும் தனிக் கூண்டு வேண்டும். இதை எண்ணாமல் தொடங்கியதால்தான் ஒருமுறை கறிக்குட்டிகளின் கூண்டுகளைக் காலி செய்து குள்ளக் குட்டிகளுக்குக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த முறை இரண்டு பக்கமும் நஷ்டம்.

2. அனுமதியும் காகிதங்களும்

கறிக்கு வளர்க்க அனுமதி இருக்கிறது என்பதற்காகச் செல்லப் பிராணி விற்கலாம் என்று அர்த்தமில்லை. இரண்டும் பல இடங்களில் வேறு வேறு விதிகளுக்குள் வரும். உள்ளாட்சி அலுவலகத்திலும் கால்நடைத் துறையிலும் இரண்டையும் தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள்: இத்தனை முயல் வைக்கலாமா, உயிரோடு செல்லப் பிராணியாக விற்கலாமா, எந்த வயதிலிருந்து விற்கலாம். 8 வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்று விதித்திருக்கும் இடங்களும் உண்டு. பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் வாய்மொழிப் பதிலை நம்பிக் கூண்டெல்லாம் அடித்த பிறகு, வேறொரு மேசையில் இருந்தவர் "இதுக்குத் தனி விண்ணப்பம் போடணும்" என்றார். இரண்டு மாதம் போயிற்று.

வீட்டில் வைத்திருக்க வேண்டியவை நான்கு:

முதலாவது, ஒவ்வொரு தாய்க்கும் கூண்டில் தொங்கும் ஓர் அட்டை. முயலின் எண், பிறந்த நாள், எந்த ஆணோடு எந்த நாளில் சேர்ந்தது, ஈன்ற நாள், உயிரோடு எத்தனை, செத்து எத்தனை, பால் மறந்தது எத்தனை.

இரண்டாவது, வம்சப் பட்டியல். பெற்றோர், அவற்றின் பெற்றோர், அதற்கும் மேலே ஒரு தலைமுறை. ஆக மூன்று தலைமுறை. இது இல்லாமல் வாங்கினால் அண்ணன் தங்கையையே இணை சேர்த்துவிடுவீர்கள்.

மூன்றாவது, மருந்து ஏடு. கறிக்கும் செல்லத்துக்கும் இரண்டு தனி ஏடுகள். கறி முயலுக்குக் கொடுத்த மருந்து உடம்பிலிருந்து இறங்க இத்தனை நாள் என்று கணக்கு உண்டு, அதற்குள் அறுக்கக் கூடாது. ஒரே ஏட்டில் எழுதினால் எந்த மருந்து எதற்குப் போனது என்று குழம்பும். குழப்பத்துக்கான விலையைக் கறி சாப்பிடுபவர்தான் கொடுப்பார்.

நான்காவது, விற்பனை ரசீது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

3. இனமும், வாங்கும்போது பார்க்க வேண்டியதும்

நெதர்லாந்து குள்ளன் வளர்ந்தால் 1 கிலோ அளவில் நிற்கும். தொங்கு காது கொண்ட ஹாலந்து லாப் 1.8 கிலோவுக்குள். மினி ரெக்ஸ் 2 கிலோ வரை, டச்சு முயல் 1.6 முதல் 2.5 கிலோ வரை. புதியவர்களுக்கு நான் சொல்வது மினி ரெக்ஸ் அல்லது டச்சு. டச்சு முயலுக்குக் குட்டி அதிகம், தாய்மையும் நன்றாக இருக்கும், தலை சிறியதாக இருப்பதால் ஈனும்போது சிக்கலும் குறைவு. நெதர்லாந்து குள்ளன் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் முதல் ஈற்றிலேயே மனதை உடைக்கும். ஏன் என்பதை 5ஆம் படியில் சொல்கிறேன்.

வாங்கும்போது முதலில் பல். உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால் லேசாக இறங்கி இருக்க வேண்டும். இரண்டும் நேருக்கு நேர் முட்டினாலோ, கீழ்ப்பல் முன்னால் நீண்டிருந்தாலோ வேண்டாம். முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும். சரியாகப் பொருந்தாவிட்டால் தேய வழியில்லாமல் வாய்க்குள் வளைந்து தீனியே எடுக்க முடியாமல் போகும். இந்தக் கோளாறு வம்சத்தில் இறங்கும், முகம் குட்டையான குள்ள இனங்களில் அதிகம். அடுத்து முன்னங்கால்களின் உள்பக்கம்: ரோமம் ஒட்டிப் பிசுபிசுப்பாக இருந்தால் மூக்கொழுகலைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். காதுக்குள் பழுப்புப் பொருக்கு இருந்தால் சொறிப் பூச்சி. பின்பக்கம் ஈரமாக இருந்தால் கழிச்சல். இதில் ஒன்று இருந்தாலும் அந்த முயலை மட்டுமல்ல, அந்தக் கொட்டகையிலிருந்து எதையும் வாங்காதீர்கள்.

4. தனி இடம்

வெளியிலிருந்து வரும் எந்த முயலும் 30 நாள் தனியாக இருக்க வேண்டும். தனிக் கூண்டு மட்டும் போதாது, தனித் தட்டு, தனித் துடைப்பம் வேண்டும். அன்றாட வேலையில் அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். உங்கள் கறி முயல் கூட்டம் முழுவதும் ஒரு புது முயலின் தும்மலில் போய்விடலாம். முயல் ரத்தக்கசிவு நோய், மிக்சோமடோசிஸ் என்ற இரண்டு வைரஸ் நோய்களுக்கும் உங்கள் இடத்தில் தடுப்பூசி கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கறிப் பக்கமும் செல்லப் பக்கமும் கண்ணுக்கு மறைவாகப் பிரிந்திருக்கட்டும். அறுக்கும் இடம் முயல்களுக்கும் தெரியக் கூடாது, வாங்க வரும் குழந்தைகளுக்கும் தெரியக் கூடாது. ஆனால் யாராவது கேட்டால் மறைக்காதீர்கள். "ஆமாம், கறிக்கும் வளர்க்கிறேன். அவை வேறு, இவை வேறு" என்று சொன்னால் சிலர் திரும்பிப் போவார்கள், போகட்டும். பிறகு தெரிந்தால் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டே போவார்கள்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை: 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் ஆண் முயலின் விந்து தற்காலிகமாகக் கெடும். வெயில் தணிந்த பிறகும் 2 மாதம் வரை சினை பிடிக்காமல் போகலாம். பெண்ணைக் குறை சொல்லி விற்றுவிடாதீர்கள்.

5. இணை சேர்த்தல்: பெரிய பொறிகள் இங்கேதான்

எப்போதும் பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டு போங்கள். மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்தைக் காக்க ஆணைக் கடித்துக் குதறும். முயலுக்கு இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும், ஏறக்குறைய 10 மணி நேரம் கழித்து. அதனால் சில மணி நேரம் விட்டு இன்னொரு முறை சேர்த்தால் பிடிக்கும் வாய்ப்பு கூடும். சேர்ந்த உடனே நாளை எழுதிவிடுங்கள். 12 முதல் 14ஆம் நாளில் அடிவயிற்றைத் தடவினால் திராட்சை அளவில் உருண்டைகள் தட்டுப்படும். கறி முயலில் பழகிய விரலுக்கும் குள்ள முயலில் புழுக்கை எது, கரு எது என்று தெரிய நாளாகும். அழுத்தாதீர்கள்.

முதல் பொறி: கறி இன ஆணைக் குள்ளப் பெண்ணோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குட்டி பெரிதாகி வெளியே வர முடியாமல் தாய் சாகும். குள்ள ஆணைக் கறிப் பெண்ணோடு சேர்த்தால் ஆபத்து இல்லை, ஆனால் வரும் குட்டி கறிக்குச் சிறிது, செல்லத்துக்குப் பெரிது. இரண்டு சந்தையிலும் நிற்காது.

இரண்டாவது பொறிதான் என்னைப் பலமாக அடித்தது. குள்ளத்தன்மை ஒரு மரபணுவால் வருகிறது. அது ஒரு பிரதி இருந்தால் முயல் அழகான, அசல் குள்ளன். இரண்டு பிரதி சேர்ந்தால் குட்டி பிழைக்காது. அசல் குள்ளன் இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று இப்படி இரண்டு பிரதியோடு பிறக்கும், இரண்டு அசல் குள்ளனாக வரும், ஒன்று குள்ள மரபணு இல்லாமல் சற்றே பெரிதாக வளரும். அந்த இரட்டைப் பிரதிக் குட்டியை வளர்ப்பவர்கள் 'பீனட்' என்பார்கள், வேர்க்கடலை என்று. கூடப் பிறந்தவற்றில் பாதி அளவு, தலை மட்டும் பெரிதாக, காது பொட்டு போல, இடுப்பு சூம்பிப் போய் இருக்கும். சில நாளில் இறந்துவிடும். எனக்கு அது தெரியாது. தாய்க்குப் பால் இல்லை என்று நினைத்து மூன்று இரவு கண் விழித்துச் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டினேன். நான்காம் நாள் காலையில் உள்ளங்கையில் சில்லென்று கிடந்தது. அடுத்த ஈற்றிலும் அப்படியே நடந்தபோதுதான் விசாரித்தேன்.

வழி எளிது. அசல் குள்ளன் ஆணையும், குள்ள மரபணு இல்லாத, சற்றே பெரிய உடம்புள்ள அதே இனப் பெண்ணையும் சேர்த்தால் வேர்க்கடலைக் குட்டி பிறக்காது. குட்டிகளில் பாதி அசல் குள்ளன், பாதி தாயைப் போல. பெரிய பெண்ணுக்கு இடுப்பும் அகலம், குட்டியும் அதிகம். "இது குள்ளமாக இல்லையே" என்று நீங்கள் மலிவாக விற்க நினைத்த பெண்தான் கொட்டகையின் தூண்.

மூன்றாவது, நிறம். வெள்ளையில் திட்டுத் திட்டாக நிறம் உள்ள இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒன்று ஏறக்குறைய முழு வெள்ளையாக, மூக்கடியில் மீசை போல ஒரு கோடோடு வரும். இவற்றில் சிலவற்றுக்குப் பெருங்குடல் வீங்கும் நோய் வரும், ஆயுளுக்கும் வயிற்றுக் கோளாறு. திட்டு நிறத்தை ஒற்றை நிறத்தோடு சேருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குள்ளத் தாயை இணை சேர்க்கும் அதே நாளில் இன்னொரு குள்ளத் தாயையும் சேருங்கள். குள்ள ஈற்றில் ஒரே ஒரு குட்டி பிறப்பது சாதாரணம், சூட்டுக்குத் துணையில்லாமல் அது குளிரில் சாகும். பக்கத்து ஈற்றில் கொண்டுபோய் வைத்தால் பிழைக்கும். கறித் தாயிடம் வைக்கலாமா என்றால், பால் ஏராளம்தான், ஆனால் குள்ளக் குட்டி பிறக்கும்போது சுமார் 30 கிராம், பெரிய இனக் குட்டி 50, 60 கிராம். காம்பை நெருங்க விடாமல் தள்ளிவிடும். கறித் தாயிடமிருந்து எடுக்க வேண்டியது அதன் ரோமம். அது உதிர்த்து மிஞ்சியதைக் காகிதப் பையில் சேர்த்து வையுங்கள். ரோமம் போதாத குள்ளத் தாயின் பெட்டிக்கு அதுதான் மெத்தை.

6. ஈனும் நாளும் முதல் பத்து நாளும்

27, 28ஆம் நாளில் குட்டிப் பெட்டி வையுங்கள். தாய் உள்ளே போய்த் திரும்பும் அளவு போதும். கறி முயலின் பெட்டியை வைத்தால் இடம் கூடிப்போய்க் குட்டிகள் சிதறிக் குளிரும். ஈன்றதும் எண்ணுங்கள், செத்ததை எடுங்கள். தாய் நாளுக்கு ஒன்றிரண்டு முறை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். பகலெல்லாம் பெட்டிப் பக்கமே போகவில்லை என்று பயந்து தாயைப் பிடித்து உள்ளே அடைக்காதீர்கள். வயிறு உருண்டையாக, தோல் சுருக்கமில்லாமல் இருந்தால் குடித்திருக்கிறது. 10 முதல் 12 நாளில் கண் திறக்கும். அதற்கு மேலும் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள்.

ஈன்ற உடனேயே தாய் மறுபடி சினை பிடிக்கும். கறிப் பண்ணைகளில் அதைப் பயன்படுத்திக்கொள்வதுண்டு. குள்ளத் தாயிடம் அது வேண்டாம், உடம்பு தாங்காது. வருடத்துக்கு 4 ஈற்றுக்கு மேல் நான் எடுப்பதில்லை.

7. கை பழக்குவது

விலை இங்கேதான் உருவாகிறது. கறிக் குட்டியை வாரத்துக்கு ஒருமுறை எடை போடத் தொட்டால் போதும். செல்லக் குட்டியை முதல் வாரத்திலிருந்தே தொட வேண்டும், அதுவும் பால் குடித்த அரை மணி நேரத்துக்குள். அந்த நேரத்தில் மனித வாசனையை அறிந்த குட்டிகள் பிறகு மனிதருக்கு அஞ்சுவது குறைவு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரு நிமிடம் வைத்திருந்தால் போதும். 3 வாரம் ஆனபின் மடியில் வைத்துக் காது, பாதம், வயிறு என்று தடவிப் பழக்குங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கடியில். காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். கறி முயலுக்கும் அது கூடாது. உதறினால் முதுகெலும்பு உடையும்.

8. ஆணா, பெண்ணா

ஒரு மாலை, நான் விற்ற ஜோடியை அட்டைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். பெட்டிக்குள் மூலையில் ரோமம் குவிந்து, அதற்குள் ஐந்து குட்டிகள் நெளிந்தன. "அண்ணா, ரெண்டும் பொண்ணுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?" அவர் சத்தம் போடவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. நான் 5 வாரத்தில் அவசரமாகப் பார்த்துச் சொன்ன பதில் அது.

குட்டியை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, குறியின் இருபுறமும் விரலை வைத்து மெல்ல அழுத்துங்கள். ஆணுக்கு வட்டமாகக் குழாய் முனைபோல எழும்பும், ஆசனவாயிலிருந்து சற்று தள்ளி இருக்கும். பெண்ணுக்கு நீளவாக்கில் பிளவு, ஆசனவாயை ஒட்டி. 4 வாரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 5, 8 வாரங்களில் இரண்டு முறை பாருங்கள், இரண்டு நாளும் ஒரே பதில் வந்தால்தான் எழுதுங்கள். 10 வாரம் வரை விற்காமல் இருந்தால் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுங்கள். விற்கும் நாளில், வாங்குபவர் கண் முன்னால் மூன்றாவது முறையும் பாருங்கள், பல்லையும் சேர்த்து.

9. தீவனமும் மருந்தும் மாறும் இடம்

கறிக் குட்டிக்குப் போடும் 16 முதல் 18 சதவீதப் புரதத் தீவனம் சினையாக, பால் கொடுப்பதாக உள்ள குள்ளத் தாய்க்கும் சரி. சும்மா இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அது கொழுப்பு. அவற்றுக்குக் காய்ந்த புல்தான் சாப்பாடு, குச்சித் தீவனம் உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் போதும். கொழுத்த பெண் சினை பிடிக்காது.

மருந்தில் இரண்டை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். நாய்க்கு உண்ணி போகப் போடும் ஃபிப்ரோனில் முயலைக் கொல்லும். அமாக்சிசிலின், பென்சிலின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர் அழிந்து கழிச்சலில் சாகும். வாங்குபவரிடமும் இதைச் சொல்லுங்கள், அவர் வீட்டில் நாய் இருக்கலாம்.

10. விற்பது

8 வாரத்துக்கு முன் கொடுக்காதீர்கள். 5 வாரக் குட்டி பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும், உடனே போகும் என்று ஆசை வரும். பால் மறப்பு, தீவன மாற்றம், புது இடத்தின் பயம் மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் குடல் தாங்காது. கழிச்சல் வந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். 5 வாரத்திலிருந்து பார்க்க வரச் சொல்லுங்கள், முன்பணம் வாங்கிப் பேர் எழுதுங்கள், 8 வாரத்தில் கொடுங்கள். பேர் எழுத ஆளில்லாமல் அடுத்த ஈற்றுக்கு இணை சேர்க்காதீர்கள். நஷ்டத்தைத் தடுத்த ஒரே பழக்கம் எனக்கு இதுதான்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: யார் பார்த்துக்கொள்வார்கள், கூண்டு தயாரா, முயல் 8 முதல் 12 வருடம் வாழும் என்று தெரியுமா, பக்கத்தில் முயல் பார்க்கும் மருத்துவர் உண்டா. யாருக்கோ திடீர்ப் பரிசாகக் கொடுக்க என்றால் பெறுபவரிடமே பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

ரசீதில் பிறந்த நாள், ஆணா பெண்ணா, பெற்றோர் எண், அன்றைய எடை, போட்ட ஊசி, தின்னும் தீவனம், திரும்பப் பெறும் நிபந்தனை. இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. கூடவே 10 நாள் தீவனமும் ஒரு பிடி காய்ந்த புல்லும் பொட்டலமாக. புதுத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றச் சொல்லுங்கள். இந்தப் பொட்டலம் கொடுக்கத் தொடங்கிய பிறகு "குட்டி தின்ன மாட்டேங்குது" என்ற தொலைபேசி அழைப்புகள் பெருமளவு குறைந்தன.

11. விற்காத குட்டி, திரும்பி வரும் குட்டி

இதை முதல் ஈற்றுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். நியூசிலாந்து வெள்ளைக் குட்டி 10 வாரத்தில் 2 கிலோவை நெருங்கும். குள்ளக் குட்டி அந்த வயதில் அதைவிட மிகச் சிறியது. விற்காததைக் கறிப் பக்கம் தள்ளிவிடலாம் என்ற கணக்கு எடையிலேயே தோற்றுவிடும். அதோடு, பேர் வைத்து மடியில் வளர்த்ததை அங்கே அனுப்ப என் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. நான் செய்வது: 12 வாரம் தாண்டினால் விலையைக் குறைக்கிறேன், 16 வாரத்தில் தெரிந்த நல்ல வீட்டுக்குச் சும்மா கொடுக்கிறேன், அதுவரை அடுத்த இணை சேர்ப்பு கிடையாது.

திரும்பப் பெறுவேன் என்று ரசீதில் எழுதினால் அதற்கு ஒரு கூண்டு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். என் கொட்டகையில் அது வாசலுக்கு வெளியே, மற்றவற்றிலிருந்து தள்ளி இருக்கிறது. நம்மிடம் பிறந்த முயலானாலும் வெளியே போய்த் திரும்பி வருகிறது. அதற்கும் அதே 30 நாள் தனித் தட்டு, தனித் துடைப்பம்.